முனைப்பாறையில் நின்ற நான்

மகளைக் கட்டிக்கொடுத்து வருஷங்கள் ஆகியும் மாப்பிள்ளையின் மூக்கு கூர்மையா சப்பையா என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. முதுகைக் கேளுங்கள், சொல்வேன். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கழுத்தடியில் ஒரு மச்சம். பாதையில் நான் வந்தால் அவர் ஒதுங்கித் திரும்பி நிற்பார். அவர் வந்தால் நான் தோளில் போட்டிருக்கும் சின்ன ஓலைப்பாயை முகம் மறையத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி நிற்பேன். எங்கள் தீவில் மாமியாருக்கும் மருமகனுக்கும் அவ்வளவுதான். முகம் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, ஒருவர் பெயரை மற்றவர் சொல்வதில்லை. அவர் பெயர் என்ன என்று நீங்களும் கேட்காதீர்கள். ஒரு நாள் சொல்லிவிட்டேன், அது போதும்.

பேசுவதில்லை என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தமில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு செம்பருத்தி வேலிதான். அவர் அந்தப் பக்கம் இருக்கும் நேரம் பார்த்து நான் இந்தப் பக்கம் கோழிக்குத் தேங்காய்த் துருவல் போடுவேன். போட்டுக்கொண்டே கோழியிடம் சொல்வேன்.

"கேட்டியாடி, சில வீட்டுக் கூரை ஒழுகுதாம். ஓலை மாத்தணும்னு தோணாம சில பேரு காவா வேரை இடிச்சுக் குடிச்சிட்டுப் போதையில மல்லாந்து கெடக்காங்களாம்."

மறுநாள் கூரையில் புது ஓலை ஏறியிருக்கும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தன் நாயைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பதில் சொல்வார்.

"டேய், இந்தக் கோழிக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சுடா. ஞாயித்துக்கிழமை அடிச்சுக் குழம்பு வச்சிடலாமா?"

என் மகள் மாவிஸ் நடுவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். செல்போன் வந்த பிறகு இன்னொரு கூத்து. மாவிஸின் போனை அவர் எடுத்து, அந்தப் பக்கம் என் குரல் கேட்டுவிட்டால் கை சுட்டது போலக் கீழே போட்டுவிடுவார். போனில் பேசலாமா கூடாதா என்று பாதிரியாரிடம் போய்க் கேட்டோம். பைபிளில் போன் இல்லை என்று சொல்லி அவர் நழுவிக்கொண்டார்.

எல்லாவற்றையும் விடத் தொல்லை கடற்கரை மணல். ஈர மணலில் நான் நடந்த தடம் கிடந்தால் அதன் பின்னால் அவர் நடக்கக் கூடாது. அலை வந்து அழிக்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மலைப்பாதையைச் சுற்றிப் போக வேண்டும். என் தடம் எது என்று ஊருக்கே தெரியும். சின்ன வயதில் கோடரி தவறியதில் இடது காலின் பெருவிரல் போய்விட்டது. விரல் இல்லாத தடம் என்றால் அது எடித்தின் தடம்தான்.

இனி மயேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பாறைகளில் வெள்ளையும் கறுப்புமாக வரி போட்ட கடல்பாம்புகள் ஏறிப் படுத்திருக்கும். பெரும்பாலும் வெறும் பாம்புதான், குழந்தைகள்கூட வாலைப் பிடித்துத் தூக்கிப் போடுவார்கள். எப்போதாவது அதில் ஒன்று மயேயாக இருக்கும். அது ஆளாக மாறும். சாயங்காலம் மீன் பிடித்துவிட்டுத் தனியாக வரும் இளவட்டத்தை, அவனுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் முகத்தோடு, தலையில் பூவோடு, பாறை மேல் நின்று கை காட்டிக் கூப்பிடும். அதோடு போனவன் வீட்டுக்குத் திரும்பி வருவான். வந்து நாளுக்கு நாள் வற்றிப்போய்ச் செத்துப்போவான். எந்த மருந்தும் கேட்காது.

மயேக்கு முகம் வரும், சிரிப்பு வரும், உடுத்தியிருக்கும் துணிகூட அப்படியே வரும். முழங்கையும் முழங்காலும் மட்டும் வராது. அவை தப்பான பக்கம் மடங்கும். அதைப் பார்த்துவிட்டால் பிழைத்தோம். வேலியோரம் வளரும் கரியாச் செடியின் சிவப்பு இலையால் ஓர் அடி போட்டால் அது பழையபடி பாம்பாகிப் போய்விடும். கடலுக்குப் போகும் ஆண்கள் இடுப்பில் ஓர் இலை செருகிக்கொள்வது அதற்குத்தான்.

இதை வைத்து இளவட்டங்கள் போடும் கும்மாளம் கொஞ்சமல்ல. திருவிழா நாளில் பெண்களை வழிமறித்து, "முதல்ல கையை மடக்கிக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்பார்கள். "உன் மூஞ்சிக்கு மயேகூட வராது, போடா" என்று பதில் கிடைக்கும். என்னையும் ஒருவன் அப்படி வழிமறித்தான். அவனைத்தான் கட்டிக்கொண்டேன். போய்ச் சேர்ந்துவிட்டான், நல்லவன்.

மயே வயதான பொம்பிளை உருவில் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பூ வைத்த குமரியாகத்தான் வரும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாவிஸுக்கு ரொம்ப நாள் குழந்தை தங்கவில்லை. கடைசியில் மழை ஓய்ந்த சமயம் ஒரு பெண் பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை. பாறை மீனைக் கொதிக்க வைத்துச் சாறு கொடுத்தால் பால் ஊறும் என்பதால் மாப்பிள்ளை தினமும் மதியம் சாப்பிட்டதும் தூண்டிலை எடுத்துக்கொண்டு, கடலுக்குள் நீண்டிருக்கும் முனைப்பாறைக்குப் போனார். நான் குழந்தை, அடுப்பு, மலை மேல் கிழங்குத் தோட்டம் என்று இருந்தேன். கோழியிடம்கூடக் குறை சொல்வதை நிறுத்தியிருந்தேன். அந்த மனுஷன் மேல் எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் அதைச் சொல்லுகிற வாயா இது?

ஒரு நாள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாவிஸ் ஆரம்பித்தாள்.

"ஏம்மா, உனக்குக் கடற்கரையில அப்படி என்ன வேலை?"

"எனக்கா? எனக்கென்ன வேலை?"

"பின்ன ஏன் தினமும் அவரு வர்ற நேரம் பார்த்து மணல் பூரா நடந்து வைக்கிற? பாவம், மீனைத் தூக்கிக்கிட்டு மலையைச் சுத்தி வர்றாரு. வந்து சேர்றதுக்குள்ள மீன் நாறிப்போகுது."

"அடியே, உனக்குப் பிள்ளை பொறந்ததுல இருந்து நான் கடற்கரைப் பக்கமே போகல."

"ஆமா, பெருவிரல் இல்லாத காலு ஊர்ல நூறு பேருக்கு இருக்கு பாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மலைப்பாதையில்தான் காவா இடிக்கும் இடம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துவிட்டு என் கால் மேல் பழி போடுகிறார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் வேலியோரம் போய்க் கோழியைக் கூப்பிட்டேன்.

"சில பேரு குடிக்கிறதுக்கு மலை ஏறிட்டு, என் விரல் இல்லாத காலைச் சாக்குச் சொல்றாங்கடி."

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. அவர் நாயிடம் மெதுவாகச் சொன்னார்.

"குடிக்கலடா. தடம் மட்டும் இல்ல, நேத்து முனைகிட்டயே உட்கார்ந்திருந்தாங்க. நான் திரும்பி நின்னேன். ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல. அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா மாவிஸ்கிட்டயாவது சொல்லச் சொல்லு."

மனுஷனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இரவு படுத்த பிறகும் அந்தப் பேச்சு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. முனையில் உட்கார்ந்திருந்தேனாமே. நான் எப்போது அங்கே போனேன்?

மறுநாள் சாயங்காலம் நான் தோட்டத்தில் வள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரி ரோதூர் கீழேயிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தாள். தலையில் சிப்பிக் கூடை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எடித், நீ எப்படி எனக்கு முன்னாடி ஏறி வந்த?"

"எங்கேயிருந்து ஏறி வர? மத்தியானத்துல இருந்து இங்கதான் குழி தோண்டிக்கிட்டிருக்கேன்."

"விளையாடாத. இப்பதான் முனைக்குப் போற வழியில உன்னைப் பார்த்தேன். கூப்பிட்டேன், நீ திரும்பவே இல்ல. என்ன ராங்கின்னு நெனச்சிக்கிட்டு வந்தேன்."

"என்னையா பார்த்த?"

"உன் நீல அங்கி, உன் கூடை, அந்தக் கால் இழுப்பு. கூடையை எறக்கி வச்சப்போ கையை மட்டும் என்னமோ மாதிரி வச்சிருந்த. சுளுக்கிக்கிச்சா?"

குழிதோண்டும் கம்பைப் போட்டுவிட்டு என் கையைப் பார்த்தேன். ரோதூரும் என் கையைப் பார்த்தாள். நான் கையை மடக்கிக் காட்டினேன். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது. இரண்டு பேருக்கும் அந்த ஒரு சொல் நாக்கில் வந்து நின்றது. இரண்டு பேருமே சொல்லவில்லை.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. குமரியாக வந்தால் மாப்பிள்ளை பார்ப்பார். பார்த்தால் முழங்கையைப் பார்ப்பார். உலகத்தில் அவர் ஏறெடுத்தே பார்க்காத ஒரே பொம்பிளை நான். அதனால் அந்தப் பாழாய்ப்போன பாம்பு என்னை எடுத்துக்கொண்டிருக்கிறது. மணலில் தடம் வைத்துப் பார்த்தது, அவர் விலகிப் போனார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தது, அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முறை தெரிந்த மனுஷன். அவர் முறையை வைத்தே அவரைப் பிடிக்கப் பார்க்கிறது.

"ஓடுடி. ஆம்பிளைங்களைக் கூப்பிடு" என்று ரோதூரிடம் கத்தினேன்.

"எல்லாரும் அந்தக் கோடியில கோயில் கூரை வேய்றாங்களே, எடித்!"

"அங்க ஓடு!"

நான் முனைக்குப் போகும் குறுக்குவழியில் இறங்கினேன். முள் கிழித்தது தெரியவில்லை. வழியில் கரியாச் செடி ஒன்று நின்றது. இலைகளைக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். இந்தக் காலோடு நான் அப்படி ஓடியதில்லை.

முனைப்பாறை கிழக்குப் பார்த்தது. அதற்கு மேலே இருக்கும் மேட்டில் வந்து நின்றபோது சாயங்கால வெயில் என் முதுகில் அடித்தது. கீழே கடற்கரையில் மேட்டின் நிழல் விழுந்திருந்தது. மாப்பிள்ளை பாறையின் நுனியில் தூண்டில் போட்டு நின்றார். மணல் வழியாக நான் நடந்து வந்துகொண்டிருந்தேன்.

அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீல அங்கி, தலையில் கூடை, இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் நடை. நான் எப்படி நடக்கிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. நான் இவ்வளவு கூன் போட்டுவிட்டேனா என்று ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு பயத்திலும் அதைத்தான் நினைத்தேன். பிறகு அது பாறையில் ஏறக் கால் எடுத்து வைத்தது. முழங்கால் பின்பக்கமாக மடங்கியது, கொக்குக்கு மடங்குவதைப் போல. அது நான், என் உடம்பு, என் கால். அதற்குள் நான் இல்லை.

மாப்பிள்ளை கடைக்கண்ணில் அங்கியின் நீலத்தைப் பார்த்திருக்க வேண்டும். உடனே வழக்கம்போலக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டார். அது அவருக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், கூடையை இறக்கி வைத்தது. முழங்கை தப்பான பக்கம் போனதை நான் மேட்டிலிருந்து பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும், அவர்தான் மரியாதையாகத் திரும்பி நிற்கிறாரே! கூடையை வைத்துவிட்டு அதுவும் தலையில் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடக்கமாகக் குந்தியது. ஒரு நல்ல மாமியார் செய்வதை எல்லாம் அது செய்தது.

"ஏய்!" என்று கத்தினேன். "ஏய், அது நான் இல்ல! ஓடு!"

அவர் தோள்கள் விறைத்தன. ஆனால் திரும்பவில்லை. என் குரல் கேட்டாலே திரும்பாமல் நிற்கத்தானே வருஷக்கணக்காகப் பழகியிருக்கிறார்! நான் கத்தக் கத்த அவர் இன்னும் குனிந்தார். அது பாய்க்கடியில் மெல்ல அவர் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.

அப்போதுதான் நான் அவர் பெயரைச் சொன்னேன். வாய் நிறைய, ஊருக்கே கேட்கும்படி, இரண்டு முறை.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். திரும்பி, மேட்டைப் பார்த்து, என்னை நேராகப் பார்த்தார். அன்றுதான் அவர் முகத்தை முதல் முறையாகப் பார்த்தேன். மூக்கு சப்பைதான். நல்ல முகம், இன்னும் பிள்ளைத்தனம் போகாத முகம். அந்த முகத்தில் இருந்த பயத்தைப் போல ஒரு பயத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. அந்தப் பயம் என்னைப் பார்த்து வந்த பயம் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

அவர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு மாமியார், முகத்தை மூடிக்கொண்டு, வாய் திறக்காமல், முறைப்படி குந்தியிருக்கிறாள். மேட்டின் மேல் இன்னொரு மாமியார் தலைவிரி கோலமாக நின்று மருமகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். இரண்டில் எது பாம்பு? எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைகூடச் சொல்லும்.

அவர் இடுப்பில் இருந்த கரியா இலையை உருவினார். என் மேலிருந்து கண்ணை எடுக்காமலே அதைச் சுற்றிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார், இன்னொரு அடி வைத்தார். எனக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டார். தன் முதுகுக்குப் பின்னால் அதை மறைத்துக்கொண்டு இலையை என் பக்கம் நீட்டினார்.

"கிட்ட வராத!" என்று கத்தினார். குரல் உடைந்து போயிருந்தது. "அத்தையைத் தொட விட மாட்டேன்! போ, தண்ணிக்குள்ள போ!"

"மாப்பிள்ளை, நான்தான்! நான்தான் எடித்! பின்னாடி பாருங்க!"

"எங்க அத்தை என் பேரைச் சொல்ல மாட்டாங்க! செத்தாலும் சொல்ல மாட்டாங்க!"

நான் இரண்டு கைகளையும் உயர்த்தி மடக்கிக் காட்டினேன். பைத்தியக்காரியைப் போல மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். என் பின்னால் வெயில், அவருக்கு நான் வெறும் கறுப்பு உருவம். கை எந்தப் பக்கம் மடங்குகிறது என்று எப்படித் தெரியும்? மேட்டிலிருந்து சரிவில் இறங்கினேன். நான் இறங்க இறங்க அவர் இன்னும் பின்னால் நகர்ந்து அதோடு ஒட்டிக்கொண்டார். நான் நெருங்குவது அவரை அதனிடம் தள்ளியது. நிற்பதா இறங்குவதா என்று தெரியாமல் நடுச்சரிவில் ஒரு கணம் நின்றேன். கடவுளே, அந்த ஒரு கணம்!

அவருக்குப் பின்னால் அது எழுந்தது. பாய் நழுவியது. என் முகம் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தது. அது என்னைப் பார்த்தது. சிரிக்கவில்லை, கோபப்படவில்லை. பாறையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது. பிறகு இரண்டு கைகளும் பின்னாலிருந்து அவர் மார்பைச் சுற்றி வந்தன. முழங்கைகள் தப்பான பக்கம் வளைந்து, அவர் விலாவோடு ஒட்டிக்கொண்டன.

அவர் கத்தவில்லை. திமிறவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, பின்னால் இருந்ததிடம் ஆறுதலாகச் சொன்னார்.

"பயப்படாதீங்க அத்தை. நான் இருக்கேன்ல."

அதுதான் என் காதில் விழுந்தது. இலை அவர் கையிலிருந்து விழுந்தது. முழங்கால் மடிந்து அவர் சரிந்தார், அதுவும் அவரோடு சரிந்தது. நான் எப்படிக் கீழே போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. கையில் இருந்த கரியா இலைகளால் என் முகத்தை, என் தோளை, என் அங்கியை மாறி மாறி அடித்தேன். வாயில் வந்த எல்லா வசவும் அதற்குக் கிடைத்தது. ஈரத் துணியை அடிப்பதைப் போல இருந்தது. பிறகு அங்கே நான் இல்லை. வெள்ளையும் கறுப்புமாக ஒரு பாம்பு, என் மணிக்கட்டு அளவு பருமன்தான், கொஞ்சமும் அவசரப்படாமல் பாறை இடுக்கில் இறங்கிப் போனது.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு நினைவில்லை. அக்குளில் கை கொடுத்து மணலுக்கு இழுத்தேன். அவரைத் தொட்டது அதுதான் முதல் முறை. பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து எல்லாம் முடிந்த பிறகு இன்னும் என்ன முறை? மார்பில் வரி வரியாகத் தடம் சிவந்திருந்தது. ஆண்கள் ஓடி வரும் சத்தம் கேட்டபோது பழக்கத்தில் என் கை தானாகப் பாயைத் தேடியது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

ஆஸ்பத்திரி இருக்கும் சோலாவிலிருந்து படகில் நர்ஸ் வந்தாள். ரத்தம் நன்றாக இருக்கிறது, மூச்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஊசி போட்டுப் போனாள். பாதிரியார் தலையில் கை வைத்து ஜெபித்தார். இலை மருந்துக்காரர் வந்து மார்பில் இருந்த வரிகளைப் பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை வற்றத் தொடங்கினார். மாவிஸ் சீமைப்பலாவை இடித்துத் தேங்காய்ப்பால் ஊற்றி ஊட்டுவாள். இரண்டு வாய் வாங்குவார், பிறகு தலையைத் திருப்பிக்கொள்வார்.

நான் அவர்கள் வீட்டுக்கு வெளியே, மூங்கில் சுவரை ஒட்டி, உள்ளே தெரியாதபடி உட்கார்ந்திருப்பேன். உள்ளே போக முறை இல்லை. எழுந்து போக மனம் இல்லை. மாவிஸிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருந்தேன். கேட்டு முடித்து அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏம்மா வாயைத் தொறந்த? ஒரு கல்லை எடுத்து அது மேல எறிஞ்சிருக்கலாமே?"

அவள் அழுதாள், பிறகு வந்து என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒரு விடியற்காலை உள்ளே அவர் பேசும் குரல் கேட்டது. நூல் போன்ற குரல். சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்டது.

"மாவிஸ், அத்தைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல."

"அது அவங்களைத் தொடல. நான் நடுவுல நின்னுட்டேன்."

மாவிஸ் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அது என் பேரைக் கூப்பிட்டுச்சு, மாவிஸ். அதான் என் உயிரை இழுக்குது. கூப்பிட்டப்பவே எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கினார். "இன்னொண்ணு. அத்தை பயத்துல என்னைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டாங்க. முறை தப்பிட்டோம்னு வெட்கப்பட்டுக்கிட்டுத்தான் சுவருக்கு வெளிய உட்கார்ந்திருக்காங்கன்னு நெனைக்கிறேன். தப்பில்லைன்னு சொல்லு. உயிர் பயத்துல யாரா இருந்தாலும் பிடிக்கத்தான் செய்வாங்க."

மூங்கில் இடுக்கில் மாவிஸின் கண் தெரிந்தது. அழுது வீங்கிய கண். அதில் கோபமும் இருந்தது, கேள்வியும் இருந்தது. உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்கிறாள். கட்டிப் பிடித்தது நான் இல்லை, 'பயப்படாதீங்க' என்று அவர் ஆறுதல் சொன்னதே அந்தப் பாம்புக்குத்தான் என்று அவரிடம் சொல்லட்டுமா? ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை, மேட்டில் நின்றது நான்தான் என்று கதற வேண்டும் போல இருந்தது. என்னை அவர் அப்படி எண்ணிக்கொண்டே போவதா? ஆனால் எனக்காகச் சாகிறோம் என்று அவர் நினைக்கிறாரே, அந்த நினைப்பையும் நான் பிடுங்கிக்கொண்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

"வெட்கம் இல்லைன்னு சொல்லுடி" என்றேன். அவருக்குக் கேட்கும்படி, ஆனால் மகளிடம்தான் சொன்னேன். "அவரு நடுவுல வந்து நின்னதாலதான் நான் உசுரோட இருக்கேன்னு சொல்லு. பெத்த பிள்ளைகூட எனக்காக அப்படி நின்னிருக்காதுன்னு சொல்லு."

மாவிஸ் உள்ளே திரும்பி, ஒரு சொல் விடாமல், அழாமல் சொன்னாள்.

"அப்போ சரி" என்றார் அவர்.

குழந்தையை எடுத்துத் தன் பக்கத்தில் படுக்க வைக்கச் சொன்னார். அது தூக்கத்தில் சப்புக்கொட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் மூச்சும் கேட்டது. கோயில் மணி அடித்தபோது குழந்தையின் சத்தம் மட்டும் கேட்டது.